கலாதேவி அக்காவின் நீல பேசின்

கலாதேவி அக்கா பிள்ளைகளுக்குக் கழுவிவிடும்போது சோப்பு போடமாட்டார். என் மகனை அவரிடம் விட்ட முதல் வாரத்திலேயே இதைக் கவனித்துவிட்டேன். குளியலறையில் ஒரு நீல பிளாஸ்டிக் பேசின் வைத்திருந்தார். குழாய்த் தண்ணீரில் கேத்தல் சுடுதண்ணீரைக் கொஞ்சம் கலந்து, முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பார். டயப்பரைக் கழற்றிப் பிள்ளையை அதில் உட்கார வைத்து, கையால் தண்ணீரை அள்ளி அள்ளி விடுவார். பிறகு பழைய மல் துணியால் ஒற்றி எடுப்பார். அவ்வளவுதான்.

"சோப்பு போடலயாக்கா?" என்று கேட்டேன்.

"ஒடம்புக்கு ஒருதரம் போடறேம்மா. அந்த எடத்துக்கு எதுக்கு? வெறும் தண்ணி போதும்லா."

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அதிகம் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. பேசாமல் மனதுக்குள் குறித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு.

என் வேலையும் அப்படிப்பட்டதுதான். ஈப்போவுக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் எங்கே கசிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏழு வருடமாக அடுத்தவர் செய்ததில் ஓட்டை தேடி வருகிறேன். கலாதேவி அக்கா வீட்டிலும் அதையே தேடினேன்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சிம்மோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் ஆயாக் கொட்டகையில் உதவியாளாகச் சேர்ந்தார். மரம் சீவப் போகும் பெண்கள் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்களாம். வரிசையாக இருபத்தைந்து தொட்டில்கள். ஒன்று அழுதால் அத்தனையும் அழும் என்று சிரிப்பார். பிறகு தோட்டத்தை விற்றார்கள், வரிசை வீடுகள் கட்டித் தாமான் வந்தது. அதில் மூலை வீடு ஒன்றில் கணவர் ராமையாவோடு இருக்கிறார். ராமையா அண்ணே ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளி. மகன்கள் இருவரும் பெரியவர்களாகி கமுந்திங்கில் வேலைக்குப் போய்விட்டார்கள். அக்கா இன்னமும் பிள்ளை பார்க்கிறார். என் பவித்ரன், என்னோடு வேலை செய்யும் விமலாவின் மகள், பக்கத்துத் தெருவிலிருந்து வரும் ஒரு எட்டு மாதக் குழந்தை என்று மூன்று பேர். அக்காவை எனக்குச் சொன்னதே விமலாதான்.

பவித்ரனுக்கு அப்போது இரண்டு வயது நான்கு மாதம். அவன் என்னை "அம்மா" என்றும் அவரை "கலாம்மா" என்றும் கூப்பிட்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகவே வைத்த பெயர். மாலையில் நான் அழைக்கப் போனால் அக்காவின் கைலியைப் பிடித்துக்கொள்வான். காரில் உட்கார வைத்தால் உடம்பை விறைப்பாக்கிக்கொண்டு கத்துவான். அவர் பிசைந்து கொடுத்தால் நெத்திலிக் குழம்புச் சோற்றைத் தட்டு காலியாகும்வரை தின்பவன், நான் செய்ததைத் துப்புவான்.

ஒருநாள் தூங்க வைக்க முதுகில் தட்டிக்கொடுத்தேன். அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். கண்ணை மூடியபடியே, தன் சின்னக் கையால் மெத்தையில் தட்டிக் காட்டினான். மெதுவாக மூன்று, வேகமாக ஒன்று. அக்கா தட்டுகிற விதம் அது. நானும் அப்படியே தட்டிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவன் தலையில் எப்போதும் அக்கா வீட்டுத் தேங்காய் எண்ணெய் வாசம் இருக்கும். வேலை முடிந்து அவனை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் முதல் காரியமாகக் குளிப்பாட்டுவேன். அழுக்கைவிட அந்த வாசத்தைத்தான் கழுவினேன் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு முறை சோப்பு போடுவேன். பிறகு தண்ணீரில் விட்டால் வெள்ளையாகக் கலங்குமே, அந்தக் கிருமிநாசினி இரண்டு மூடி. தொழிற்சாலையில் உள்ளே நுழையும்போது நாங்கள் கையை மூன்று முறை கழுவுகிறவர்கள். என் பிள்ளைக்கு ஒரு வேளையாவது ஒழுங்கான சுத்தம் கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை மதிய உணவின்போது பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. என் பக்கத்து மேசை மலாய் அக்கா, "உன் மகனுக்கு சுனாட் இல்லைதானே?" என்று கேட்டார். நுனித்தோலை நீக்கும் அந்தச் சடங்கு எங்கள் வழக்கத்தில் இல்லை என்றேன். "அப்படியானால் நன்றாகக் கழுவிவிட வேண்டும், இல்லையா" என்றார். நல்ல மனதோடு சொன்னார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். என் அம்மா இறந்து பல வருடமாகிவிட்டது. கேட்பதற்கு ஒருவர் இருந்தார் என்றால் அது கலாதேவி அக்காதான். அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்று மாலையே அவன் குறியின் நுனித் தோலைப் பின்னால் தள்ளி உள்ளே கழுவத் தொடங்கினேன். தோல் வரவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். அழுதான். அழுதாலும் சுத்தம்தானே என்று மறுநாளும் செய்தேன், அதற்கு மறுநாளும் செய்தேன். அக்கா செய்யாத ஒன்றை நான் செய்கிறேன் என்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நான் போனபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தார்.

"புள்ளைக்கு ஒண்ணுக்குப் போனா எரியுது போல இருக்கும்மா. குஞ்சாமணி செவந்து வீங்கியிருக்கு. நாளைக்கு கிளினிக் போயிட்டு வந்துரு."

டயப்பரை விலக்கிப் பார்த்தேன். நுனித் தோல் தடித்துச் சிவந்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் வெள்ளையாகக் கசிவு. பயந்துவிட்டேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"இங்க மூணு பிள்ளைக்கும் ஒரே பேசின்தானேக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். "தெனமும் கழுவி வெயில்ல காய வைக்கிறேம்மா."

"எங்க வீட்டுல இப்படி ஆனதில்ல."

அவர் பவித்ரனின் பையை எடுத்துக் காரில் வைத்தார், அவ்வளவுதான். நான் காரில் ஏறியதும் விமலாவுக்குப் போன் செய்து, "உன் மகளையும் பாத்துக்கோ, எல்லாம் ஒரே பேசின்" என்றேன். ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டேன். வருத்தத்துக்கு அடியில் ஒரு மகிழ்ச்சி இருந்ததை நான் மறைக்கப்போவதில்லை.

சனிக்கிழமை காலையில் என் கணவர் தனேஷ் எங்களைக் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடம் தேடிப் போய்விட்டார். மருத்துவர் ஓர் இளம் சீனப் பெண். அவனைத் தொடாமல், குனிந்து சற்று நேரம் பார்த்தார். பிறகு மலாயில் கேட்டார்.

"எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள்?"

"சோப்பு. கொஞ்சம் கிருமிநாசினி."

"தோலைப் பின்னால் தள்ளுகிறீர்களா?"

நான் மகனின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டேன். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"இந்த வயதில் தோல் உள்ளே ஒட்டித்தான் இருக்கும். அது தானாக விடும். சில பையன்களுக்குப் பத்து வயதுக்கு மேலும் ஆகும். நாம் தள்ளினால் கீறல் விழும். கிருமிநாசினி அந்த இடத்தை எரிக்கும். அப்புறம் கிருமி சேரும். வெளிப்பக்கம் மட்டும் கழுவுங்கள். வெறும் தண்ணீர் போதும்."

வெறும் தண்ணீர் போதும். கலாதேவி அக்கா சொன்ன அதே வார்த்தை மலாயில் வந்தது. அந்த நிமிடத்தில்கூட எனக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, எரிச்சல்தான்.

இதற்காக சுனாட் செய்ய வேண்டுமா என்று கேட்டேன். தேவையில்லை என்றார். ஒரு களிம்பு கொடுத்தார். ஒரு வாரம், ஒரு நாளைக்கு இரண்டு முறை, வெளியே மட்டும் மெல்லியதாகத் தடவ வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். எரிச்சலுக்குப் பயந்து அடக்கினால் அந்தத் தண்ணீரிலேயே போகவிடலாம். வீட்டில் இருக்கும்போது டயப்பர் வேண்டாம்.

"கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான்?"

"காலையில் ஆறு மணிக்கு. கொஞ்சம்தான்."

"நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். இரண்டு மணி வரை பாருங்கள். அதற்குள் போகவில்லை என்றாலோ, காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் கூடினாலோ நேராக மருத்துவமனைக்குப் போங்கள்."

வெளியே தனேஷ் காத்திருந்தார். "என்ன சொன்னாங்க?"

"தொற்றாம். மருந்து குடுத்திருக்காங்க."

"எதனாலயாம்?"

"சுத்தம் சரியில்லன்னா வருமாம்" என்றேன்.

வீட்டில் துணி துவைக்கும் தொட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் நிரப்பினேன். பவித்ரன் தொட்டியைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், இரண்டு கையாலும் தன்னை மூடிக்கொண்டான். "கழுவாதம்மா, கழுவாத" என்று அழுதான். தூக்கி உட்கார வைத்தேன். உடனே எழுந்து என் சட்டையில் ஏறிக்கொண்டான். பத்து மணிக்கு அப்படி. பதினொன்றரைக்கு அப்படி. இளநீர் கொடுத்தேன், குடித்தான். வயிறு புடைத்துக்கொண்டு வந்தது. கால்களைப் பின்னிக்கொண்டு மூலையில் போய் நின்றான். நான் கிட்டே போனால் சுவரோடு ஒட்டினான். தனேஷ் தூக்கிப் பார்த்தார், அதுவும் ஆகவில்லை.

ஒரு மணிக்கு அவன் "கலாம்மா" என்று அழ ஆரம்பித்தான்.

"அக்காகிட்ட கூட்டிட்டுப் போலாம்" என்றார் தனேஷ்.

"வேணாம். ஆஸ்பத்திரிக்கே போயிருவோம்."

"ஆஸ்பத்திரியில குழாய் விடுவாங்கம்மா. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அக்கா வீடு பத்து நிமிஷம். ஏன் வேணாங்கிற?"

ஏன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் பிள்ளை என் கைக்குப் பயப்படுகிறான் என்பதை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதைவிட மருத்துவமனை எனக்கு எளிதாகப் பட்டது. அப்படி நினைத்துக்கொண்டே பவித்ரனின் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். கார் சாவியை எடுத்து தனேஷ் கையில் கொடுத்தேன்.

அக்கா வீட்டு வாசலில் விமலாவின் மோட்டார் சைக்கிள் நின்றது. சனிக்கிழமை அவளுக்கு அரைநாள் வேலை. வேலிக் கம்பியில் நீல பேசின் கவிழ்த்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே விமலா மகளின் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "வா சிஸ். நீயே சொல்லு அக்காவுக்கு. திங்கக்கெழமையிலேர்ந்து எங்க மாமியார் பாத்துக்குவாங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

அக்கா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். மடியில் எட்டு மாதக் குழந்தை தூங்கியது. விமலா அதன் அம்மாவிடமும் பேசியிருந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. பேசாமல் விட்டிருக்க மாட்டாள்.

"அக்கா, பையன் காலையிலேர்ந்து ஒண்ணுக்கே போகல" என்றார் தனேஷ்.

அவ்வளவுதான். அக்கா குழந்தையை விமலா மடியில் கிடத்திவிட்டு எழுந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலியிலிருந்து பேசினை எடுத்தார், தண்ணீர் கலந்தார், முழங்கையை விட்டுப் பார்த்தார். பவித்ரன் என் தோளிலிருந்து அவரிடம் தாவினான்.

"எல்லாரும் அந்தப் பக்கம் போங்க. ஆள் நின்னா வராது."

தனேஷ் போய்விட்டார். நான் கதவின் பின்னால் நின்றுகொண்டேன்.

அக்கா அவனைப் பேசினில் உட்கார வைத்தார். அவன் உடனே இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அடுப்படியிலிருந்து ஒரு தட்டு நெத்திலியைக் கொண்டுவந்து, குட்டை நாற்காலியைப் போட்டு, அவனுக்குப் பாதி முதுகைக் காட்டி உட்கார்ந்து தலை கிள்ளத் தொடங்கினார்.

"யாரும் தொட மாட்டாங்க. கலாம்மாவும் தொட மாட்டேன். பாரு, என் கை ரெண்டும் நெத்திலியில இருக்கு."

அவன் எட்டிப் பார்த்தான். இரண்டு கையும் இருந்தன.

"இது யாரு தலை? இது பூனைக்கு. இது யாரு தலை?"

அவன் மீன் தட்டைப் பார்த்தான்.

"தண்ணி சூடா இருக்கா?"

"இல்ல."

"தண்ணிக்குள்ள போனா எரியாது. நீ எப்ப வேணாலும் போ. எனக்கு இங்க நெறைய வேல கெடக்கு."

பதினைந்து மீன் கிள்ளியிருப்பார். பவித்ரன் ஒரு கையை எடுத்து அவர் தோளில் வைத்தான். பிறகு அடுத்த கையையும் எடுத்தான். அவன் முகம் ஒரு நொடி சுருங்கியது. அப்புறம் கண் அகல விரிந்தது.

"கலாம்மா, சுச்சு."

"ஆ, வரட்டும் வரட்டும். பூனைக்கு இன்னொரு தலை."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது, அது நிம்மதி அழுகைதான். ஆனால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது நான் பார்த்தது அவர் தோளில் இருந்த அந்தக் கையை. அந்தத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு நான் அங்கே உட்கார வேண்டும் போல இருந்தது.

அக்கா அவனைத் துண்டால் ஒற்றி, டயப்பர் போடாமல் ஒரு பெரிய சட்டையை மட்டும் மாட்டிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். விமலா பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லாவிட்டால் அவள் அந்தப் பையோடு போய்விடுவாள். தொழிற்சாலை முழுக்கக் கதை போகும். அக்காவின் வீடு காலியாகும்.

"விமலா, பேசினால வரல" என்றேன். "நான்தான். வீட்டுல தோலத் தள்ளித் தள்ளிக் கிருமிநாசினி போட்டுக் கழுவினேன். டாக்டர் காலையிலயே சொல்லிட்டாங்க."

தனேஷ் என்னைத் திரும்பிப் பார்த்தார். விமலாவின் கை ஜிப்பிலேயே நின்றுவிட்டது.

"அடிப்பாவி! நேத்து போன்ல அந்தப் பேச்சு பேசினியே! எங்க மாமியார் தொட்டில் கயிறே வாங்கிட்டாங்க சிஸ், அவங்களுக்கு நான் இப்ப என்னத்தச் சொல்றது?"

கலாதேவி அக்கா கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் செவ்வாக்கெழமையே தெரியும்மா" என்றார். "காலையில டயப்பரத் தொறந்தா எப்பவும் போல ஆஸ்பத்திரி வாசம். அன்னைக்கு ஓரத்துல ஒரு கீறலும். ஒன் வேலைன்னு தெரிஞ்சுபோச்சு."

"ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா கோவிச்சுக்கிட்டுப் புள்ளைய எடுத்துட்டுப் போயிருவியே. தண்ணியில உக்கார வச்சா ஆறிடும்னு பாத்தேன். ஆறல. மூணு நாளு அவன் நோவுறத நான் பாத்துக்கிட்டு இருந்தேன். அது என் தப்பு."

பவித்ரன் அவர் மடியில் சாய்ந்து கிள்ளிய நெத்திலியை எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, ஐந்து.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "ஒனக்கு என்னைப் பாத்தா வயித்தெரிச்சல்னு தெரியும். எனக்கு ஒன்னையப் பாத்தா எம்புட்டு வயித்தெரிச்சல்னு ஒனக்குத் தெரியுமா? பதினாறு வயசுலேர்ந்து ஊரான் புள்ளைய வளக்குறேன். நூத்துக்கு மேல இருக்கும். போன வருசம் கோயில்ல ஒருத்தன் எதுக்க வந்தான். என் தொட்டில்ல ரெண்டு வருசம் கெடந்தவன். 'நவுருங்க ஆண்ட்டி'ன்னுட்டுப் போறான். நாலு வயசானா எல்லாம் மறந்துரும்லா. அம்மா மொகம்தான் நிக்கும். கொஞ்சம் பொறு. இவனும் மறந்துருவான்."

விமலா பையைத் திறந்து, துணிகளை எடுத்து மறுபடியும் கொடியில் போட்டாள்.

திரும்பும் வழியில் தனேஷ் சாலையையே பார்த்து ஓட்டினார். சிவப்பு விளக்கில் நின்றபோது, "காலையில நான் கேட்டப்ப?" என்றார்.

"பொய் சொன்னேன்."

விளக்குப் பச்சையானது. "இனிமே புள்ளைய நான் குளிப்பாட்டுறேன்" என்றார். கோபமாகத்தான் சொன்னார். இரண்டு நாள் அவரே குளிப்பாட்டினார். மூன்றாம் நாள் நான் நெத்திலித் தட்டோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பவித்ரன் என் இரண்டு கையையும் பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான்.

வீக்கம் நான்காம் நாள் வடிந்தது. களிம்பை ஒரு வாரமும் விடாமல் தடவினோம், வெளியே மட்டும். கிருமிநாசினிப் புட்டியைத் தரை துடைக்க வைத்துக்கொண்டேன்.

நான்கு வயது என்று அக்கா சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. இன்னும் ஒரு வருடம் எட்டு மாதம். இதை நினைக்கும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் எழுகிறது. எழுந்த பிறகு என் மேலேயே எனக்குப் பிடிக்காமல் போகிறது. இரண்டும் நிஜம்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்து வந்த திங்கட்கிழமை காலை களிம்புக் குழாயை அக்காவிடம் கொடுத்து, எவ்வளவு தடவ வேண்டும் என்று காட்டினேன். அவர் தெரியாதவர் போலக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பவித்ரன் என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடினான். நான் கார் கதவைத் திறந்தபோது அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அம்மாவுக்கு டாட்டா காட்டு."

அவன் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக மூன்று முறை ஆட்டினார். அந்தக் கையை ஆட்டியது யார் என்று எனக்குத் தெரியும். நானும் கையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.